தூத்துக்குடி உம் கொட்டிய காலம்

ஞானதிரவியம் தன் மனைவி சொன்னதைக் கடைசியாகக் காது கொடுத்துக் கேட்டது மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு புதன்கிழமை. அன்றும் பாதிதான் கேட்டார். மீதிப் பாதிக்குள் தூங்கிவிட்டார்.

அதற்காக அவரைக் கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. தூத்துக்குடித் துறைமுகத்துக் கோபுரத்தில் உட்கார்ந்து, வருகிற போகிற கப்பல்களோடு பேசுவது அவர் வேலை. ஆளில்லாக் கப்பல்கள் வந்த பிறகு கப்பல்களே பேச ஆரம்பித்துவிட்டன. மாலுமியாவது டீ குடிக்கிற நேரத்துக்கு வாயை மூடுவான். கப்பலுக்கு அந்த நல்ல பழக்கம் கிடையாது. கொழும்பிலிருந்து வரும் ஒரு கிழட்டுக் கப்பல், தன் அடிவயிற்றில் ஒட்டிய சிப்பிகளைப் பற்றி மட்டும் ஒரு முற்பகல் முழுக்கப் புலம்பும். ஒரு சொல்லைத் தவறவிட்டாலும் ஏதாவது ஒன்று தரைதட்டும் என்ற பயத்தோடு எட்டு மணிநேரம் கேட்டுவிட்டு வீடு திரும்பும்போது, அவருடைய இரண்டு காதுகளும் கடையைச் சாத்திவிட்டுத்தான் வரும்.

வீட்டில் தங்கபுஷ்பம் காத்திருப்பார். மக்ரூன் போடுகிறவர். முட்டையின் வெள்ளைக்கருவை நுரை பொங்க அடித்து, சீனியும் முந்திரித் தூளும் கலந்து, இளஞ்சூட்டில் வேகவைத்து அவர் எடுக்கிற மக்ரூனை நாக்கில் வைத்தால், வைத்தோமா இல்லையா என்று சந்தேகப்பட்டு இன்னொன்றை எடுக்க வேண்டியிருக்கும். இப்படியே சந்தேகப்பட்டு நாற்பத்திரண்டு மக்ரூன் தின்ற வருமான வரி அதிகாரி ஒருவர் ஊரில் உண்டு. நுரை அடிப்பதில் கைக்குத்தான் வேலை, வாய்க்கு இல்லை. ஆகவே தங்கபுஷ்பம் பேசுவார். முப்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் பேசியதை எல்லாம் ஒரு நூலாகத் திரித்தால் பூமியைப் பொட்டலம் கட்டி, முடிச்சுப் போடவும் மிச்சமிருக்கும்.

அந்தப் புதன்கிழமையே தூங்கி எழுந்து வந்தபோது, மனைவி முட்டை அடிக்கும் மெஷினிடம் எதையோ சொல்லிக்கொண்டிருப்பதை ஞானதிரவியம் பார்த்தார்.

"ஆருகிட்ட பேசுத?"

"இதுகிட்டதான். ஒங்களுக்கு இது தேவல. சொல்லச் சொல்லச் சத்தமாவது போடுது."

அந்த வார்த்தை அவரைச் சுட்டது. அந்த வாரமே டாக்டர் பெர்ப்பெத்துவா மோத்தாவைப் போய்ப் பார்த்தார். மனிதர்களைச் சேர்த்து வைத்திருப்பது எது என்று முப்பது வருடம் படித்தவர் அந்த அம்மாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. படிப்பு முடியட்டும் என்பார்.

"ரெண்டு பேர் ஏன் சேந்தே இருக்காங்கன்னு பல பேர் பலவிதமாச் சொல்லியிருக்காங்க சார்," என்றார் டாக்டர். "இத்தன வருஷத்தக் கொட்டியாச்சு, இனிமே எங்க போறதுன்னு இருக்காங்கன்னு ஒரு கூட்டம். இதவிட நல்ல ஆள் கண்ணுல படல, அதனாலன்னு இன்னொரு கூட்டம். கட்டுன ஆள உள்ளதவிட அழகா நெனச்சுக்கிறதாலதான்னு மூணாவது கூட்டம்."

"எங்க வீட்ல எந்தக் கூட்டம்?"

"அத அவங்ககிட்டதான் கேக்கணும். நான் நம்புறது நாலாவது. 'இங்க பாருங்க, மொட்டமாடியில மயில்'னு அவங்க சொல்றாங்கன்னு வைங்க. மயிலப் பாக்கவா சொல்றாங்க? என்னப் பாருங்கன்னு சொல்றாங்க. நீங்க திரும்பிப் பாத்தா வீட்டுச் செவுத்துல ஒரு செங்கல் ஏறுது. பாக்கலன்னா ஒரு செங்கல் உருவுது. பெரிய சண்டையில பிரியிற ஜோடி ரொம்பக் கம்மி சார். மயிலப் பாக்காமப் பாக்காமப் பிரியிறவங்கதான் ஜாஸ்தி."

அவர் சட்டைப் பொத்தானில் டாக்டர் ஒரு பதிவுக் கருவியை வைத்து அனுப்பினார். ஒரு வாரம் கழித்து அதன் முடிவைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"நூறு தடவ கூப்பிட்டா நீங்க பதினோரு தடவ திரும்பியிருக்கீங்க. அதுல ஒம்பது, 'சாப்பிட வாங்க'."

மருந்தும் சொன்னார். தினமும் இருபது நிமிடம், வேறு எந்த வேலையும் இல்லாமல், மனைவி சொல்வதைக் கேட்க வேண்டும். ஞானதிரவியம் அதை மனதில் சுமந்துகொண்டு மாடிப்படி இறங்கினார். கீழ்த்தளத்தில் ஒரு கடை இருந்தது. இருபது நிமிடத்தை அந்தக் கடை வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு உள்ளே போனார்.

கடையில் விற்றது 'மறுசொல்'. புளியங்கொட்டை அளவில் ஒன்றைக் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ள வேண்டும். வெங்காயத்தோல் மாதிரி ஒன்றைத் தொண்டையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். எதிராளி பேசும்போது நமக்குக் கவனம் சிதறினால் காதில் உள்ளது கண்டுபிடித்துவிடும். தொண்டையில் உள்ளது நம் குரலிலேயே 'உம்' என்று சொல்லும். கதை சொல்கிறவருக்கு உம் கொட்ட ஆள் வேண்டும் என்பது நம் ஊர் வழக்கம். உம் கொட்டாவிட்டால் கதை பாதியில் நின்றுவிடும், சொல்கிறவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதைச் சொல்ல உதடு திறக்க வேண்டியதில்லை என்பதில்தான் அந்தக் கருவியின் பிழைப்பே இருந்தது. சாதா ரகம் 'உம்' மட்டும் சொல்லும். நடு ரகம், 'அப்படியா, அதுக்கு அவ என்ன சொன்னா?' என்று கேட்கும். உசத்தி ரகம், 'நீ சொன்னதுதான் சரி' என்று சொல்லும். ஞானதிரவியம் உசத்தியே வாங்கினார். உதடு அசையாததை மறைக்க மீசையும் வளர்த்தார்.

அவர் மட்டுமா வாங்கினார்? ஆறு மாதத்தில் தூத்துக்குடி ஆண்கள் எல்லோருக்கும் வாயை மூடும் மீசை முளைத்திருந்தது. பெண்கள் மாமியார்களிடமிருந்து போன் வந்தால் மறுசொல்லை ஒட்டிக்கொண்டு மீன் கழுவப் போனார்கள். குடும்ப நீதிமன்றத்தில் வழக்கே வராமல், நீதிபதி வளாகத்தில் முருங்கை நட்டு, இரண்டாம் வருடம் வக்கீல்கள் அத்தனை பேருக்கும் சாம்பாருக்குக் காய் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தின்போது மாதா கோவிலில் ஆயிரம் பேர் ஒரே சுருதியில் உம் கொட்டியதில் மணி தானாக ஆடியது. ஒரு கல்யாணப் பந்தியில் பெண்ணின் தகப்பனாரே பாயசத்தைக் குடித்துவிட்டு, "நல்ல பாயசம். ஆருக்குக் கல்யாணம்?" என்று பக்கத்து இலைக்காரரிடம் கேட்டார். பக்கத்து இலைக்காரர் "உம்" என்றார்.

'என்ன சொன்ன, திருப்பிச் சொல்லு' என்ற குரல் மட்டும் எந்த வீட்டிலிருந்தும் தெருவுக்குக் கேட்கவில்லை.

ஞானதிரவியத்தின் வீட்டில் மூன்று வருடம் பூந்தோட்டமாகப் போயிற்று. அவர் அலையேற்ற அட்டவணையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் தங்கபுஷ்பம் பேசுவார். மறுசொல் தேவையானதைச் சொல்லும். ஒவ்வொரு நாள் பேச்சையும் அது பத்திரமாகச் சுருக்கியும் வைக்கும், வேண்டுமானால் எடுத்துப் படித்துக்கொள்ளலாம் என்று. அவர் ஒன்றைக்கூடத் திறந்ததில்லை.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

காலையில் கோபுரத்தில் நுழைந்ததும் உடன் வேலை பார்க்கும் அந்தோணிப்பிச்சை எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அண்ணாச்சி, நீங்க மனுசனே இல்ல."

"ஏன், நான் என்ன செஞ்சேன்?"

"பாத்தியளா, செஞ்சதச் சொல்லிக்காட்டக்கூட மாட்டேங்கிய. எம் பொண்டாட்டி கயத்தாறு போறேன்னாலே எனக்குக் காய்ச்சல் வந்துரும்."

ஞானதிரவியம் சிரித்து மழுப்பினார். மத்தியானம் பங்குச்சாமியார் போனில் கூப்பிட்டார். "ஞானதிரவியம், அவ்வளவு தூரத்துக்கும் சேத்துத்தான் ஜெபிக்கேன். இந்த மனசு ஆருக்கு வரும்." வேலை முடிந்து வரும்போது பக்கத்து வீட்டு ரோஸ்லின் வழிமறித்தாள்.

"அண்ணே, வியாழக்கிழமை காலையில எத்தன மணிக்கு வண்டி? நாங்களும் வாரோம்."

"எங்க?"

"வெளையாடாதிய அண்ணே. குலசைக்குத்தான்."

குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் தளம் இருந்தது. ராக்கெட் பார்க்கப் போகிறார்கள்போல என்று நினைத்துக்கொண்டு நடந்தார். தெருமுனையில் வழக்கமான பேனர் நின்றது. பத்து நாளாக அந்த வழியே போகும்போதெல்லாம், பேனரில் உள்ள பெண் நம்ம தங்கம் மாதிரியே இருக்கிறாளே என்று அவர் ரசித்ததுண்டு. இன்றுதான் நின்று வாசித்தார். 'நிலாக் குடியிருப்பின் சமையற்கூடப் பொறுப்பேற்கப் பதினான்கு மாதப் பயணம் புறப்படும் எங்கள் தெருவின் மக்ரூன் திலகம் திருமதி தங்கபுஷ்பம் ஞானதிரவியம் அவர்களை வாழ்த்தி வழியனுப்புகிறோம்.' ஓரத்தில் வட்டத்துக்குள் அவர் படமும் இருந்தது. கீழே, 'பெருமனதுடன் அனுப்பி வைக்கும் அண்ணாச்சி.'

அவர் இன்னொரு தடவை வாசித்தார். வீட்டுக்குப் போகாமல் திரும்பிக் கடற்கரைச் சாலையில் ஒரு சிமெண்டுப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். மறுசொல்லின் சேமிப்பைத் திறந்தார். வாசிக்காதவை ஆயிரத்துத் தொண்ணூற்றொன்று. 'நிலா' என்று தேடச் சொன்னார். ஒன்றரை மாதத்துக்கு முந்தைய ஒரு சாயங்காலம் அகப்பட்டது. சுருக்கம் வேண்டாம், முழுதாகப் போடு என்றார்.

தங்கபுஷ்பத்தின் குரல் காதுக்குள் வந்தது.

"ஏங்க, அங்கன பூமியில ஆறுல ஒரு பங்கு கனம்தானாம். நுரை அமுங்கவே அமுங்காதாம். பானை உசரத்துக்கு ஒரே மக்ரூன் போடலாமாம். எனக்குப் பாக்கணும்னு ஆசையா இருக்கு. போகட்டுமா?"

"நீ சொன்னதுதான் சரி," என்றது ஞானதிரவியத்தின் குரல்.

"பதினாலு மாசம்ங்க."

"நீ எது செஞ்சாலும் யோசிச்சுத்தான் செய்வ."

முட்டை அடிக்கும் மெஷின் நிற்கிற சத்தம் கேட்டது. பிறகு மிகவும் சின்னதாக, "சரிங்க."

அவரால் அதோடு நிறுத்த முடியவில்லை. பின்னோக்கிப் போனார். தங்கபுஷ்பம் தன் தங்கச்சியைத் திட்டினார், பாதியில் நிறுத்திப் பாட்டுப் பாடினார், பாடிவிட்டு நல்லா இருந்துச்சா என்று கேட்டார். அவர் குரல் எல்லாவற்றுக்கும் இசைவாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டாவது வருடத்தில் ஒரு நாள் இப்படி இருந்தது.

"மார்ல கட்டி மாதிரி என்னமோ தட்டுப்படுதுங்க."

"உம்."

"பயமா இருக்கு."

"நீ எதையும் தாங்குவ."

நடுவில் ஏழு நாள் மக்ரூன் பேச்சு. பிறகு, "ஒண்ணுமில்லயாம். வெறும் கொழுப்புக் கட்டியாம். நானே போயிக் காட்டிட்டு வந்துட்டேன்."

"நல்லதாப் போச்சு. பெறவு?"

ஞானதிரவியம் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்திருந்தார். அந்த ஏழு நாளும் அவர் எங்கே இருந்தார்? இரண்டடி தள்ளித்தான் இருந்தார். எந்தக் கப்பல் எத்தனை மணிக்கு வந்தது என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வார்.

அங்கிருந்தே டாக்டர் மோத்தாவுக்குப் போன் போட்டார். அவர் பேர் சொன்னதும் டாக்டர் உற்சாகமாகிவிட்டார்.

"உங்களப் பத்திதான் சார் எழுதிக்கிட்டு இருக்கேன். உலகத்துலயே நல்ல ஜோடிங்க எண்பது தொண்ணூறு தடவதான் திரும்புறாங்க. மூணு வருஷமா அந்தப் பொத்தான் அனுப்புற கணக்குல உங்களுக்கு நூத்துக்கு நூறு. எப்படி சார்?"

"நான் ஒரு தடவகூடத் திரும்பல டாக்டர்," என்றார் ஞானதிரவியம்.

"உம்," என்றார் டாக்டர்.

ஞானதிரவியம் போனை வைத்தார்.

வீட்டுக்குள் நுழைந்தபோது வெயில் தாழ்ந்து சன்னல் வழியாகக் கூடத்துக்குள் விழுந்திருந்தது. கூடத்தின் நட்டநடுவே ஒரு பெரிய வெள்ளிநிறப் பெட்டி. பழக்கத்தில் அதைத் தாண்டுவதற்குக் காலைத் தூக்கியவர், தூக்கிய காலோடு நின்றார். மெல்லக் கீழே வைத்தார். காதுக்குப் பின்னாலிருந்ததைப் பிய்த்தார். தொண்டையிலிருந்ததை உரித்தார்.

"தங்கம்."

அடுக்களையிலிருந்து தங்கபுஷ்பம் எட்டிப் பார்த்தார். மூன்று வருடத்தில் அவராக ஆரம்பித்த முதல் பேச்சு அது.

"இந்தப் பெட்டி எப்ப இருந்து இங்கன இருக்கு?"

"பதினோரு நாளா. நாலாம் நாளு இதும் மேலதான் ஒங்க சாக்ஸக் காயப் போட்டிய."

"எனக்குத் தெரியாது தங்கம். நீ கேட்டதும் தெரியாது, நான் சரின்னதும் தெரியாது. நான் எதுவுமே சொல்லல. இதுதான் சொல்லிச்சு." உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

தங்கபுஷ்பம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். பெரிதாக ஒன்றும் ஆச்சரியப்படவில்லை.

"இம்புட்டுத்தானா இருக்காரு? நான் கொஞ்சம் பெரிசா நெனச்சிருந்தேன்."

"ஒனக்குத் தெரியுமா?"

"மூணாம் நாளே தெரியும். ஒங்களுக்குக் கொட்டாவி வரல. நான் பேசி நீங்க கொட்டாவி விடாத நாளு உண்டா? ஒடம்புக்கு என்னமோன்னு பயந்தேபோனேன். பெறவு பாத்தா மீச வளருது. ரோஸ்லின் வீட்டுக்காரருக்கும் வளருது. ரெண்டு பேரும் பேசிச் சிரிச்சிக்கிட்டோம்."

"தெரிஞ்சும் ஏன் பேசுன?"

"எனக்குச் சொல்லணும்லா. ஒங்க தம்பின்னு வச்சுக்கிட்டேன். நல்ல பிள்ளதான். எத்தன தடவ சொன்னாலும் சலிக்கமாட்டாரு." தங்கபுஷ்பம் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். "கட்டின்னு சொன்னேம்லா, அன்னைக்கு மட்டுந்தான் கஷ்டமாப் போச்சு. ஒங்க கையப் பிடிச்சுக்கிட்டுத்தான் சொன்னேன். கை ஒங்க கைதான். கதகதன்னு இருந்துது. திருப்பிப் பிடிக்கல, அவ்வளவுதான்."

ஞானதிரவியம் எதிரே தரையில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தார். முந்திரித் தூள் ஒட்டியிருந்தது. அதைத் தன் விரலால் துடைத்துவிட்டார்.

"நீ போயிட்டு வா தங்கம்," என்றார். "இப்ப நானே சொல்லுதேன். ஒனக்கு ஆசன்னா..."

தங்கபுஷ்பம் கையை உருவிக்கொண்டார்.

"இதத்தான் ஒங்க தம்பியும் சொன்னாரு. ரோஸ்லின் திருச்செந்தூர்ல ரெண்டு நாளு தங்கிட்டு வாரேன்னதுக்கு அவ புருசன் சோறு தண்ணி இல்லாமக் கெடந்தாரு. நான் நிலாவுக்குப் போறேங்கேன், பதினாலு மாசங்கேன், கண்ண மூடித் தொறக்குமுன்ன சரிங்கிய. பழய சைக்கிளத் தூக்கிக் குடுக்கவன்கூடக் கொஞ்சம் யோசிப்பான்."

"அப்போ, போகாதன்னு சொல்லணுமா?"

"நான் போகத்தான் போறேன். அது வேற. நீங்க தடுக்காண்டாமா? நீங்க தடுக்கணும். நான் அழணும். நீங்க கத்தணும். அதயும் மீறி நான் போகணும். ஒண்ணுமே இல்லாமப் போனா, அங்கன ஒத்தையில உக்காந்து நான் என்னத்த நெனச்சு அழ?"

ஞானதிரவியம் யோசித்தார். மூன்று வருடமாக ஓடாத எஞ்சின் அல்லவா. தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அங்கன காத்து கெடயாது."

"டப்பாவுக்குள்ள உண்டு."

"ஒனக்குச் சளி பிடிக்கும்."

"நிலாவுல ஆருக்கும் சளி பிடிக்கலயாம்."

"எஞ் சட்டத்துணியெல்லாம் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது."

"நான் இருக்கும்போது மட்டும் தெரிஞ்சிச்சாக்கும்."

"அப்படித்தான் பேசுவ," என்று ஞானதிரவியம் எழுந்தார். குரல் தானாக ஏறியது. "எல்லாத்துக்கும் பதிலு வச்சிருப்ப. ஆசுபத்திரிக்கு ஒத்தையாப் போவ. நிலாவுக்கும் ஒத்தையாப் போவ. ஏன், ஒரு தடவ என் தோளப் பிடிச்சு உலுக்கி, ஏ மனுசான்னு கேட்டா என்ன? ஒரு தட்டத் தூக்கி என் தலையில எறிஞ்சா என்ன? ஒரு ராக்கெட்டும் எங்கயும் போகாண்டாம். நான் விடமாட்டேன். கொழும்புக் கப்பலக் குலசைக்கே அனுப்பி அதுகிட்டப் பேசவிடுவேன். அது பேச ஆரம்பிச்சா அந்த ராக்கெட்டு வெறுத்துப்போயி தன்னால கடல்ல விழுந்துரும்."

தங்கபுஷ்பம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. கண்ணிலிருந்து வழிந்தது நிஜம்.

மூன்று வருடம் கழித்து அந்தத் தெருவில் கேட்ட முதல் சண்டை அது. சன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. நன்றாகக் கேட்க வேண்டும் என்று ரோஸ்லினின் கணவர் காதிலிருந்ததைக் கழற்றி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். அவரைப் பார்த்து எதிர்வீட்டுக்காரரும் கழற்றினார்.

"பதினாலு மாசம்," என்று ஞானதிரவியம் கத்திக்கொண்டிருந்தார். "காலையில எந்திரிச்சா இந்த வீட்ல என்ன சத்தம் கேக்கும், சொல்லு. நான் கேக்கலன்னு நெனைக்க. கேக்கத்தான் இல்ல. ஆனா நீ பேசுத சத்தம் இல்லாம நான் ஒரு நாளு தூங்குனது இல்ல. தெரியுமா ஒனக்கு? அது இல்லன்னா நான் எப்படித் தூங்குவேன்?"

மூச்சு வாங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னும் சொல்வதற்கு நிறைய இருந்தது. எதை முதலில் எடுப்பது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

தங்கபுஷ்பம் பெட்டியின் மேல் நன்றாகச் சாய்ந்து, காலை மடக்கி வைத்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"வியாழக்கிழமைதான் ராக்கெட்டு," என்றார். "அவசரமில்ல. மெதுவாச் சொல்லுங்க."